சொல்லாமல் கொள்ளாமல் வந்தவை

அவருக்கு வரிசை என்றால் உயிர். பாட்டில் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் பார்த்த வேலை அப்படி. வெளிச்சத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். பெல்ட்டில் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். கீறல் விழுந்தது, உள்ளே குமிழ் இருப்பது, கழுத்து மயிரிழை சாய்ந்தது என்று எதுவாக இருந்தாலும் இரண்டு விரலால் கிள்ளி எடுத்துப் பக்கத்துத் தொட்டியில் போடுவார். அது உடைகிற சத்தத்துக்குத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. கிண்டலாக வைத்ததுதான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் பின்னால் தோட்டம். சமையலறைக் கதவிலிருந்து பின்சுவர் வரை ஒரு சிமெண்டு நடைபாதை நேராகப் போகும். அதற்கு இரண்டு பக்கமும் பாத்திகள். முளையடித்து நூல் கட்டி, அந்த நூலுக்குக் கீழேதான் எதையும் நடுவார். ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் ஒரு ஐஸ்குச்சியில் செடியின் பெயரும் நட்ட தேதியும் இருக்கும். செடிகள் நன்றாகத்தான் வந்தன, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் போன வருடத்துச் செண்டுப்பூ தானாக உதிர்த்த விதையில் ஒரு கன்று நூலுக்கு நாலு விரல் தள்ளி முளைத்துவிட்டால் போதும். அன்று காலை டீக்கு முன்னால் அது வேரோடு வெளியே கிடக்கும்.

"அதுவும் செண்டுப்பூதானே, இருந்துட்டுப் போகட்டுமே" என்று கல்யாணமான புதிதில் அவருடைய மனைவி ஒருமுறை கேட்டாள்.

"நான் வெச்சேனா?"

"இல்ல."

"அப்ப அது களை."



அவள் மின்சார அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுத்தவள். இருபத்தாறு வருடம். தெருவில் அவளுக்குக் கம்ப்ளெயின்ட் அக்கா என்றே பெயர். கரண்ட் போய்விட்டது என்று கத்துகிறவரின் குரலை வைத்தே எந்தத் தெரு, எந்த வீடு என்று சொல்லிவிடுவாள். திட்டெல்லாம் அவளுக்குத் தூசு மாதிரி. கத்துகிற ஆளுக்குக் காரியம் ஆக வேண்டும், அவ்வளவுதான், ஆனதும் அடங்கிவிடுவார். வீட்டில் அவளுக்கு வாய்த்தது வேறு மாதிரி. அவர் குரலை உயர்த்தியதே இல்லை. பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள், ஒரு வாரம், ஒருமுறை இரண்டு மாதம். என்ன குற்றம் செய்தோம் என்பதை அவளேதான் கண்டுபிடிக்க வேண்டும்.

மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நாட்களில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு தக்காளிச் செடி தானாக முளைத்தது. பாத்திரம் கழுவிய தண்ணீரில் போன விதையாக இருக்கும். அவள் அதைப் பிடுங்கவில்லை. அவர் வீட்டில் இருக்கிற நேரங்களில் ஓட்டைக் கூடை ஒன்றை அதன்மேல் கவிழ்த்து வைத்தாள். செடி கூடைக்குள்ளேயே கோணிக்கொண்டு வளர்ந்து, ஏழு காய் பிடித்து, இரண்டு சிவக்கவும் ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் அவளுடைய தம்பி வந்தான். லாரி ஓட்டுகிறவன். அந்தப் பக்கமாகச் சரக்கு ஏற்றி வந்தவன், அக்காவைப் பார்த்து ரெண்டு நாள் ஆற அமர இருந்துவிட்டுப் போகலாம் என்று பையோடு வந்து நின்றான். அவளுக்கு இருந்த ஒரே உடன்பிறப்பு. சந்தோஷத்தில் கூடையை மறந்துவிட்டாள். அவர் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவப் போன இடத்தில் செடியைப் பார்த்தார். மைத்துனன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை வேரோடு உருவி எடுத்தார். காய்கள் சிமெண்டில் உருண்டன.

"சொல்லாம கொள்ளாம வர்றது எதையும் இந்த வீட்டுல நிக்க விடறதில்ல" என்றார்.

செடியைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் தம்பி கையில் இன்னும் பையை வைத்துக்கொண்டு நின்றான்.

"அவசரமா லோடு எறக்கணும்க்கா, மறந்தே போச்சு" என்று அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டான். பிறகு வரவே இல்லை. நாலு வருடம் கழித்து அவன் லாரி பாலத்திலிருந்து கவிழ்ந்த செய்தி அவளுடைய அலுவலக மேசைத் தொலைபேசியில்தான் வந்தது. வழக்கம்போல "புகார்ப் பிரிவு, சொல்லுங்க" என்றுதான் அவள் எடுத்தாள்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் நாள் முழுக்கத் தோட்டத்திலேயே இருந்தார். மூன்றாவது வருடம் ஒரு காலை, கத்தரி வரிசைக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே பாத்தியில் சாய்ந்துவிட்டார். பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறினாலும் மிஞ்சியது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். கூட்டமான ஆஸ்பத்திரி. டாக்டர் நடந்துகொண்டே பேசுகிறவர். கொடுத்த தாளில் நாலைந்து வரி எழுதியிருந்தது. அதில் அவளுக்குப் புரிந்தது மாத்திரைகளின் நேரம் மட்டும்தான்.

வேறு ஊரில் வங்கி வேலையில் இருந்த மகள் ஒரு வாரம் லீவு போட்டு வந்தாள். பின்னறையில் கட்டில் போட்டது அவள்தான். "அப்பாவுக்குத் தோட்டம்னா உசுரும்மா. படுத்திருந்தாலும் கண்ணுக்கு முன்னால தெரியணும்" என்று கட்டிலைப் பெரிய ஜன்னலோரமாக, ஒரு ஆள் நிற்க இடம் விட்டுப் போட்டாள். அவர் மல்லாந்து படுத்தால் இடது பக்கம் ஜன்னல், முழுத் தோட்டமும் தெரியும். வலது பக்கம் சுவர், ஒரு காலண்டர், ஸ்விட்ச். கதவு கால்மாட்டில், ஜன்னலை ஒட்டிய இடது மூலையில். மகள் ஊருக்குப் போனாள்.

முதல் மூன்று வாரம் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. புரட்டிப் படுக்க வைப்பதும், துடைப்பதும், ஊட்டுவதுமாகப் போயிற்று. தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டதே பெரிய காரியம். ஒரு காலை குடத்தோடு போனவள் அப்போதுதான் கவனித்தாள். கத்தரிக்கும் வெண்டைக்கும் நடுவே, நூலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், பச்சைப் புள்ளிகளாக நிறைய முளைத்திருந்தன. காசித்தும்பை, தண்டுக்கீரை, கொத்தமல்லி, எங்கிருந்து வந்ததென்றே தெரியாத அந்திமந்தாரை. பழக்க தோஷத்தில் கை பிடுங்கக் குனிந்தது. பயமும் வந்தது, அவர் பார்த்தால் என்ன சொல்வார் என்று. ஜன்னலைப் பார்த்தாள். அவர் விழித்துத்தான் இருந்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

குனிந்த கையை அவள் எடுத்துக்கொண்டாள்.

பார்த்துவிட்டார், பார்த்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று நினைத்தாள். முப்பத்தைந்து வருடமாகத் தெரிந்த திருப்பல். ஆனால் இந்தத் தடவை அதற்குப் பின்னால் எழுந்து வந்து பிடுங்குகிற கை இல்லை. அவளுக்கு உடம்பெல்லாம் ஏதோ இனித்தது. அப்படி ஒரு இனிப்பு தனக்குள் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்ததில்லை.

மறுநாள் நூல்களை அறுத்துச் சுருட்டி எறிந்தாள். ஐஸ்குச்சிகளைப் பிடுங்கி அடுப்புப் பற்றவைக்கிற காகிதங்களோடு போட்டாள். கொத்தமல்லியைப் பறிக்காமல் பூக்க விட்டாள். வெள்ளைப் பூ பூத்து, காய்த்து, காய்ந்து, தானாக உதிர்ந்தது. காசித்தும்பைக் காய் தொட்டால் வெடிக்கும். போகிற வருகிறபோதெல்லாம் முந்தானை பட்டு வெடிக்கட்டும் என்றே பாத்திக்குள் நடந்தாள். எதையும் நடவில்லை. எதையும் பிடுங்கவில்லை. வந்தது வரட்டும், நிற்கிறது நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள். மழை இரண்டு தடவை பெய்ததும் தோட்டம் பொங்கிவிட்டது. செண்டுப்பூ நடைபாதை விரிசலிலிருந்துகூட எட்டிப் பார்த்தது. கோழிக்கொண்டை இடுப்புயரம் நின்றது. சோம்புச் செடி ஜன்னல் கம்பி வரைக்கும் வந்து இறகு மாதிரி ஆடியது.

அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தண்ணீர் வேண்டும் என்பார், முதுகு வலிக்கிறது என்பார், டீயில் சர்க்கரை இல்லை என்பார். தோட்டத்தைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது. அவளும் வாய் திறக்கவில்லை. அவரே கேட்கட்டும், ஒரே ஒரு தடவை "என்ன பண்ணி வெச்சிருக்க" என்று கேட்கட்டும், அதற்குச் சொல்ல வேண்டியதை அவள் தம்பி போன நாளிலிருந்து தயாராக வைத்திருந்தாள். காலையில் ஜன்னலை அகலத் திறந்து வைப்பாள். அவர் விழித்திருக்கும் நேரம் பார்த்துத்தான் தோட்டத்துக்குள் இறங்குவாள். அவர் கண்ணில் படுகிற மாதிரி ஒவ்வொரு செடியாகக் குனிந்து தடவிக்கொடுப்பாள். நிமிர்ந்து பார்த்தால் முகம் சுவர்ப் பக்கம்தான் இருக்கும். ஊர்ப் புகாரையெல்லாம் கேட்டவள் ஒரு புகாருக்காகக் காத்துக் கிடந்தாள்.

அந்த மனிதரின் வீம்பு அதோடு நிற்கவில்லை என்று நினைத்தாள். ஜன்னல் பக்கமிருந்து கூப்பிட்டால் பதில் வராது. கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் போய் நின்றால்தான் "ம், என்ன" என்பார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை தன்னைச் சுற்ற வைக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். சாப்பாட்டில் அதைவிட மோசம். வலது கையால் தானே எடுத்துச் சாப்பிடப் பழகியிருந்தார். தட்டில் பாதியைச் சாப்பிடுவார். கோடு கிழித்த மாதிரி மீதிப் பாதியைத் தொடவே மாட்டார்.

"பத்தல" என்றார் ஒரு நாள்.

"பத்தலயா? தட்டுல இருக்கறது என்ன?"

அவர் தட்டைப் பார்த்தார். "எது?"

"இது என்னன்னு கேக்கறேன்."

"காலியா இருக்கு. இன்னும் போடு."

சோறு ஆறிப்போய்க் கண்ணெதிரே குவிந்து கிடந்தது. "என் கையால சாப்பிடப் பிடிக்கலன்னா நேரா சொல்லுங்க. இப்படிச் சீண்டாதீங்க" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே, "பசிக்குது" என்று குழறலாகக் கேட்டது. அவள் திரும்பவில்லை. அன்று மட்டும் இல்லை, நாலு மாதம் இப்படித்தான் போயிற்று. அவர் கன்னம் ஒட்டிக் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. நோய் தின்கிறது என்றார்கள் பார்க்க வந்தவர்கள். அவளும் ஆமாம் என்றாள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து மாய்ந்து மாய்ந்து போவாள். "அக்கா, வண்ணத்துப்பூச்சி எத்தனை வருது பாருங்க! அண்ணன் படுத்தபடியே பாக்கட்டும்னுதானே இப்படி விட்டிருக்கீங்க? என் வீட்டுக்காரருக்கு ஒண்ணுன்னா நான் இவ்வளவு செய்வேனா, சொல்லுங்க." கம்ப்ளெயின்ட் அக்கா அவளுக்கு ஒரு கைப்பிடி தண்டுக்கீரையைக் கிள்ளிக் கொடுத்து வாயை அடைப்பாள்.

ஐந்தாவது மாதம்தான் பிசியோதெரபி செய்கிற பெண் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்து, வரிசையில் காத்திருந்து, கடைசியில் வந்தவள். சின்ன உருவம், பெரிய பை, உரத்த குரல். அவள் வந்தபோது அவர் மதியச் சாப்பாட்டை முடித்திருந்தார். பாதித் தட்டு வழக்கம்போல அப்படியே கிடந்தது.

"இதைப் பாருங்க" என்றாள் மனைவி. ஐந்து மாதத்தில் முதல் தடவையாக யாரிடமாவது சொல்லிக்கொள்ள முடிந்தது. "தினம் இதே கூத்துதான். சாப்பிட்டாச்சும்பாரு. பத்தலம்பாரு. அழிச்சாட்டியம் தாங்க முடியல."

அந்தப் பெண் கட்டிலருகே போய் அவர் முன்னால் இருந்த தட்டைப் பிடித்து, அரைவட்டமாகத் திருப்பி வைத்தாள். இடது பக்கம் இருந்த சோறு வலது பக்கம் வந்தது.

அவர் முகம் மலர்ந்தது. "அட, இருக்கா இன்னும்" என்றார். அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். வாயோரம் வழிய, மூச்சு வாங்க, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார்.

மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிச்சாட்டியம் இல்லம்மா" என்றாள் அந்தப் பெண். "இவருக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. கண்ணு நல்லாத்தான் இருக்கு. மூளை அந்தப் பக்கத்தைக் கணக்குலயே எடுத்துக்காது. ஆஸ்பத்திரில சொல்லலையா உங்களுக்கு?"

"இல்லம்மா."

"எப்பவும் வலது பக்கமே பாத்துட்டுப் படுத்திருப்பாரே. இடது பக்கத்துலருந்து கூப்பிட்டா காது கேக்காத மாதிரி இருப்பாரே?"

"ஆமா."

"அது வியாதிம்மா."

"அப்ப..." என்று ஆரம்பித்தவள் அவர் தலைக்கு மேலாகக் கையை நீட்டினாள். "அப்ப இந்த ஜன்னல்?"

"ஜன்னலா? இந்த ரூம்ல ஜன்னல் இருக்குன்னே அவருக்குத் தெரியாது."

அதைக் காட்ட அந்தப் பெண் அவரிடமே கேட்டாள். "ஐயா, இந்த ரூம்ல என்னென்ன இருக்கு, சொல்லுங்க பாப்போம்." அவர் யோசித்துச் சொன்னார். சுவர், காலண்டர், ஸ்விட்ச். அவ்வளவுதான். அவருக்கு இடது பக்கத்தில், ஒரு கை தூரத்தில், சோம்புப் பூ கம்பிக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

போகும்போது அந்தப் பெண் நம்பிக்கையாகத்தான் பேசினாள். "பழக்கினா நிறையப் பேருக்குத் திரும்பி வரும். ஜன்னல் ஓரமா ஒரு சிவப்பு ரிப்பன் கட்டுங்க. அதைத் தேடிப் பாக்கச் சொல்லுங்க. தினம் ரெண்டு வேளை. அப்புறம் வெளிய பூ இருக்கு பாருங்க, அதைக் காட்டுங்க. இவ்வளவு அழகா வளத்து வெச்சிருக்கீங்க, இதைவிட வேற என்ன மருந்து வேணும்?"

அன்று சாயங்காலம் அவள் தோட்டத்து நடைபாதையில் உட்கார்ந்திருந்தாள். சுற்றி எல்லாம் பூத்துக் கிடந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவர் எதையுமே பார்க்கவில்லை. பசியைப் பசி என்று சொன்னதைத் தவிர ஐந்து மாதமாக அவர் எந்தக் குற்றமும் செய்யவில்லை. மனிதன் நோயில் கிடந்தான், அவளோ அதைச் சுபாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படி நினைக்க அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. அதுதான் அவளை அறுத்தது. இன்னொன்றும் அவளைக் குடைந்தது. இந்தச் செடிகளில் எது தனக்குப் பிடித்தது என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தோன்றவில்லை. எல்லாம் அவர் கண்ணில் குத்துவதற்காக வளர்ந்தவை.

மறுநாளிலிருந்து மனசறிந்து வேலை செய்தாள். தட்டைத் தானே திருப்பி வைத்தாள், இரண்டு தடவை போட்டாள். அவர் உடம்பு தேறியது. ஜன்னல் கம்பியில் சிவப்பு ரிப்பன் கட்டி, காலையும் மாலையும் உட்கார்ந்து, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று தாடையைத் தொட்டுத் திருப்பினாள். அவரும் முயற்சி செய்தார். மூன்று வாரத்தில் கழுத்து நடுவுக்கு வந்தது. ஒரு நாள் கண் ரிப்பனின் நுனியைத் தொட்டது. "செவப்பு" என்றார். அவள் சிறுபிள்ளை மாதிரி கைதட்டினாள். தோட்டத்தை அவர் பார்க்கிற நாள் வந்தால் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடலாம், அழுதுவிடலாம் என்றுகூட அவளுக்கு ஆசை வந்தது.

மகள் அனுப்பிய சக்கர நாற்காலி அந்த வாரம்தான் வந்து சேர்ந்தது. தையல்காரியின் உதவியோடு அவரை அதில் உட்கார வைத்தாள். சமையலறைக் கதவைத் தாண்டி, ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நடைபாதையில் தள்ளிக்கொண்டு போனாள். தையல்காரி தன் வேலையைப் பார்க்கப் போனாள். நாலடி போயிருப்பார்கள். அவருடைய வலது பக்கத்துப் பாத்தி அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"நிறுத்து" என்றார்.

நிறுத்தினாள்.

"என்ன இது?"

இத்தனை மாதம் அவள் காத்திருந்த கேள்வி. ஆனால் இனிப்பு ஒன்றும் வரவில்லை. "தானா வந்துதுங்க. நான் பிடுங்கல" என்றாள்.

"நூல் எங்க?"

"அறுத்துட்டேன்."

அவர் வாய் கோணி நடுங்கியது. "பிடுங்கு."

அவள் நாற்காலிக்கு முன்னால், அவருடைய வலது பக்கம் வந்து குந்தினாள். முகத்துக்கு நேரே. "பிடுங்க மாட்டேங்க. ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. என் தம்பி வந்திருந்தான், ஞாபகம் இருக்கா? பையோட நின்னான். தக்காளிச் செடியப் பிடுங்கிப் போட்டுட்டு, சொல்லாம கொள்ளாம வர்றது எதையும் இந்த வீட்டுல நிக்க விடறதில்லன்னு சொன்னீங்க."

அவர் யோசித்தார். நடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அந்த முகத்தில் வீம்பு எது, வியாதி எது என்று இப்போது அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும்.

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொன்னீங்க. அப்புறம் அவன் வரவே இல்ல. செத்துதான் போனான்."

"ஞாபகம் இல்ல" என்றார். பிறகு பாத்தியைப் பார்த்துக்கொண்டே, "சொல்லியிருப்பேன்" என்றார்.

அவ்வளவுதான். அவள் பதினெட்டு வருடமாகச் சுமந்துகொண்டிருந்தது அவரிடம் ஒரு குப்பைத்துணுக்காகக்கூட மிஞ்சவில்லை. அவள் அழவுமில்லை, கத்தவுமில்லை. அவர் அவளைப் பார்க்கவும் இல்லை. அவருடைய நல்ல கை நாற்காலிக்கு வெளியே நீண்டது. ரோஜா நிறத்தில் பூத்திருந்த ஒரு காசித்தும்பையை அடியோடு பிடித்து உருவியது. மண் உதிர உதறி, நடைபாதையில் போட்டது. அடுத்தது. அடுத்தது. வியர்வை வழிந்தாலும் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. வெளிச்சத் திரைக்கு முன்னால் உட்கார்ந்த முகம்.

"தள்ளு" என்றார்.

அவள் எழுந்து நாற்காலியைத் தள்ளினாள். வலது பாத்தி ஓரமாகக் கைக்கு எட்டியதையெல்லாம் பிடுங்கிக்கொண்டே வந்தார். இடது பக்கம் செண்டுப்பூவும் கோழிக்கொண்டையும் அவர் முழங்கையில் உரசின. அவர் அறியவில்லை. மற்ற பாத்தி என்னவாயிற்று என்று கேட்கவும் இல்லை. ஒரு பாத்தியைத்தான் நட்டு வளர்த்தது போல இருந்தார்.

பின்சுவர் வந்தது. நாற்காலியைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். திருப்பினால் இடது பக்கம் இருந்தது வலது பக்கம் வரும். தட்டு மாதிரித்தான். அவள் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"என்ன, நின்னுட்ட?"

"ஒண்ணுமில்லங்க."

நாற்காலியைத் திருப்பாமல் அப்படியே பின்னோக்கி இழுத்தாள். கடினமாகத்தான் இருந்தது. முதுகு பிடித்துக்கொண்டது. சமையலறைப் படிவரை இழுத்தே கொண்டுவந்துவிட்டாள்.

அன்று அவர் தூங்கியதும் ஜன்னலிலிருந்து சிவப்பு ரிப்பனை அவிழ்த்தாள். வயிறு நிறையச் சோறு போடுவேன், குளிப்பாட்டுவேன், ஒரு புண் வராமல் பார்த்துக்கொள்வேன், இதை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது நியாயம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே ரிப்பனை மடித்து அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

அதிலிருந்து தினம் காலை ஒரு தடவை நடைபாதையில் போனார்கள். போகும்போது முன்னோக்கி, வரும்போது பின்னோக்கி. வலது பாத்தி மெல்ல மெல்லச் சுத்தமானது. அவர் கேட்டபடி அதில் புது நூல்கூடக் கட்டிக் கொடுத்தாள். அவர் சொல்லச் சொல்ல வெண்டை விதை ஊன்றினாள். இடது பாத்தி தன்பாட்டுக்கு விதைத்துக்கொண்டது. மாலையில் அவள் அங்கே தனியாகப் போவாள். சில நாள் நன்றாக இருக்கும். சில நாள் திருடின பொருளைப் பார்ப்பது போல இருக்கும். கழுத்து நடுவுக்கு வந்திருந்தவர் இரண்டு மாதத்தில் பழையபடி சுவர்ப் பக்கமே திரும்பிவிட்டார். காலண்டரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

பிசியோ பெண் மறுபடி வந்தாள். அவர் முன்னால் ஒரு காகிதத்தை வைத்துக் கடிகாரம் வரையச் சொன்னாள். அவர் கவனமாக வட்டம் போட்டு, பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதினார். ஒவ்வொரு எண்ணும் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"பயிற்சி குடுக்கறீங்களாம்மா?"

"தினமும்" என்றாள்.

"ரிப்பன் காணோமே?"

"நைஞ்சு போச்சு. வேற கட்டணும்."

"ரெண்டு வேளையும்?"

"ரெண்டு வேளையும்."

தொலைபேசியில் பேசிப் பழகிய குரல் அது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அந்தப் பெண் தன் பெரிய பையை மூடினாள். கடிகாரம் வரைந்த காகிதத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். வாசல்வரை வந்து செருப்பை மாட்டியவள், திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சில பேருக்கு எவ்வளவு பழக்கினாலும் வராதும்மா. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் தலையாட்டினாள். அந்தப் பெண் தெருத் திரும்புகிறவரை வாசலிலேயே நின்றாள். உள்ளே அவர் கூப்பிட்டார். கட்டிலைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் போய் நின்று, "என்னங்க வேணும்?" என்று கேட்டாள்.